காகம் விரட்டும் உத்தியோகமும் அக்காவின் சனி விரதமும்

1

ஊரிலிருந்து ரெலிபோன் எடுக்கிறவர்கள் சுகம் விசாரித்து முடிந்த கையோடு என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “அப்ப இரவில என்ன செய்வியள்?”

கேள்வி நியாயமானதுதான். நான் வேலை செய்வது வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையமொன்றில். கலிபோர்னியாவில், மரம் மட்டை இல்லாத பாலைவனத்தின் நடுவில், கண்ணுக்கெட்டிய தூரத்துக்குக் கண்ணாடி நிறுத்தியிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் வடிகிற வீட்டுக் கூரைப் பீலியை ஆளுயரத்துக்கு மேலாகப் பெருப்பித்து, உள்ளே கண்ணாடி பதித்து, வரிசை வரிசையாக வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பீலிகள் காலையில் கிழக்கே பார்த்து எழும்பும். சூரியனோடு சேர்ந்து மெல்லத் திரும்பி, மாலையில் மேற்கே பார்த்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு பீலியின் நடுவாலும் ஒரு குழாய் ஓடுகிறது, குழாய்க்குள் எண்ணெய். கண்ணாடி குவிக்கும் வெயிலில் எண்ணெய் சூடேறும், அந்தச் சூடு தண்ணீரை நீராவியாக்கும், நீராவி சுழலியைச் சுற்றும். கடைசியில் எங்கோ ஒரு நகரத்தில் யாரோ ஏசியைப் போட்டுக்கொண்டு போர்த்துப் படுப்பார்கள். இரவில் சூரியன் இல்லை. ஆகவே லொறியில் தண்ணீர் கொண்டுபோய்க் கண்ணாடி கழுவுகிறோம்.

அந்தக் கழுவல் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளன். கொழும்பு உறவினர் மத்தியிலோ எனக்குப் பெயர் ‘சூரியனில் கரண்ட் எடுக்கிற எஞ்சினியர்’. கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த காலத்தில் தின்ற கோப்பையைக்கூடக் கழுவாதவன், இங்கே வந்து மைல் கணக்கில் கழுவிக்கொண்டிருக்கிறேன். குளியலறைக் கண்ணாடியில் இருக்கிற பற்பசைப் புள்ளிகள் மட்டும் உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லையே என்பது என் மனைவி வசந்தியின் நீண்டகால முறைப்பாடு. வெயில் கொட்டிக் கிடக்கிற நாட்டிலிருந்து வெயிலைத் தேடிப் புறப்பட்டு வந்த முதல் மடையன் நானாகத்தான் இருக்கவேண்டும்.

போதாக்குறைக்கு, ஊரில் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி, கொழும்பு முழுக்கக் கரண்ட் வெட்டு. நீ அங்கே வெள்ளைக்காரனுக்குக் கரண்ட் செய்கிறாய், நாங்கள் இங்கே மெழுகுதிரி தேடுகிறோம் என்று அக்கா ரெலிபோனில் சொல்லுவாள். சரி சரி, ரெலிபோன் கார்ட் முடியப்போகிறது என்பேன்.

2

கண்ணாடி தவிர எனக்கு இன்னொரு பதவியும் உண்டு. ஊரில் ஒருவருக்கும் அதைப்பற்றி மூச்சு விட்டதில்லை. நான் இந்த நிலையத்தின் காகப் பொறுப்பாளன்.

இந்தப் பாலைவனத்தில் ஒருவகை ஆமை இருக்கிறது. ஆமைகள் குறைந்துகொண்டு போவதால் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. ஆமைக்குஞ்சின் ஓடு இறுகச் சில வருடங்கள் பிடிக்கும். அதற்குள் காகம் வந்து கொத்தித் தின்றுவிடும். நம்முடைய சாம்பல் கழுத்துக் காகமல்ல, கோழியளவு பருத்த அண்டங்காக்கை. மனிதர் இருக்கிற இடத்தில் சோறு தண்ணீர் கிடைத்தால் காகம் பெருகும். காகம் பெருகினால் ஆமை அழியும். ஆகையால் நிலையத்திலும், வேலியோடு ஒட்டி நாங்கள் இருக்கிற ஊழியர் குடியிருப்பிலும், காகத்துக்கு ஒரு பருக்கை கூடப் போடக்கூடாது. கூடு கட்டினால் அறிவிக்கவேண்டும். குப்பைத்தொட்டி மூடியிருக்கவேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு பொறுப்பாளர் தேவை என்று சுற்றாடல் அதிகாரி டெப்ரா ஒரு கூட்டத்தில் சொன்னார். அவருடைய வேக ஆங்கிலத்தில் பாதிதான் எனக்குப் பிடிபட்டது. மரியாதைக்குச் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அன்று தொடக்கம் புதிதாக வேலைக்கு வருகிறவர்களைக் குந்தவைத்து, படம் போட்டுக் காட்டி, காகத்துக்குச் சோறு போடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று நான்தான் பாடம் நடத்துகிறேன்.

ஆமைகளுக்கு இங்கே பதிவு உண்டு. முதுகில் இலக்கம் ஒட்டியிருக்கும். சிலவற்றில் சின்ன வானொலிக் கருவியும் இருக்கும். எந்த ஆமை எங்கே நிற்கிறது என்று டெப்ராவுக்குத் தெரியும். வெள்ளவத்தையில் தமிழர் என்றபடியால் எங்களையும் பொலிஸில் பதிந்துதான் வைத்திருந்தார்கள். ஆனால் ஏன் வந்தாய், எத்தனை நாள் நிற்பாய், யார் வீட்டில் நிற்கிறாய் என்று இங்கே ஒருவரும் ஆமையிடம் கேட்பதில்லை. அது வீதியைக் கடந்தால் லொறிதான் நிற்கவேண்டும். ஓர் ஆமை மனம்வைத்து மறுகரைக்குப் போகுமட்டும் நானும் என் லொறியும் கொதிக்கிற வெயிலில் காத்துக்கிடந்திருக்கிறோம்.

பதிவுப் பழக்கம் எனக்குள்ளும் இலகுவில் போகவில்லை. வந்த புதிதில் ஒருநாள் பொழுதுபடுகிற நேரம் நிலையத்தின் வாசலுக்குக் காரில் போனேன். காவலாளியைக் கண்டதும் கை தானாக வேலை செய்தது. முன்விளக்கை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, இறங்கி, அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தேன். கொழும்புச் சோதனைச்சாவடியில் உயிரோடு வீடு போய்ச் சேருகிற முறை அது. காவலாளியோ எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

3

அக்கா மூன்று மாத விசாவில் எங்களிடம் வந்தாள். அவளுடைய பெட்டிக்குள் எள்ளு, மிளகாய்த்தூள், எங்கள் மகள் அபிக்கு ஒரு பாவாடை சட்டை. கைப்பைக்குள் வெள்ளவத்தைப் பொலிஸ் பதிவின் போட்டோப் பிரதி. அது ஏன் என்று கேட்டேன். ஆரும் கேட்டால் காட்டத்தான் என்றாள். சிரிக்க வாயெடுத்தவன், என் முன்விளக்குக் கதை நினைவுக்கு வந்து அடங்கிவிட்டேன்.

அக்காவுக்கு ஒரே பிள்ளை, பாலன். கொட்டாஞ்சேனையில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறான். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி பஸ்ஸில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். அத்தான் ஓய்வு பெற்றவர், வீட்டோடு இருக்கிறார். இரண்டு ஆம்பிளைகளும் சமைத்துச் சாப்பிட்டுச் சமாளிப்பார்கள், நீ கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்துவிட்டுப் போ என்று வற்புறுத்தி அழைத்தவன் நான்.

அவள் வந்து சில வாரங்களில் அத்தானிடமிருந்து ரெலிபோன். கொட்டாஞ்சேனையில் பொலிஸ் சுற்றிவளைப்பில் பாலனைப் பிடித்துவிட்டார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம், பொலிஸ் பதிவில் வெள்ளவத்தை விலாசம், ஆள் நின்றதோ கொட்டாஞ்சேனையில். வெள்ளவத்தையில் பதிந்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். கடை முதலாளி நேரில் போய்ச் சொல்லியும் எடுபடவில்லை. முதலில் பொலிஸ் நிலையம், பிறகு விளக்கமறியல் சிறை.

அக்கா அன்றைக்கே பெட்டியை அடுக்கத் தொடங்கினாள். அத்தான்தான் தடுத்தார். “நீ வந்து என்ன செய்யப்போறாய்? லோயரைப் பிடிச்சிட்டன். சனிக்கிழமையில பாக்க விடுறாங்கள். சாப்பாடு நான் கொண்டுபோறன்.”

அவரைவிட அதிகமாகத் தடுத்தது நான். நாளுக்கொரு குண்டு, நாளுக்கொரு சுற்றிவளைப்பு என்றிருக்கிற ஊருக்கு இவளையும் அனுப்பிவைத்துவிட்டு நான் இங்கே எப்படி நித்திரை கொள்வது? ஒருத்தியாவது கண்முன்னே பத்திரமாக இருக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். அக்கா பெட்டியை மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். பூட்டவில்லை.

4

பாலனுக்கு ஏழரைச் சனி நடக்கிறது. அவன் வெளியே வருமட்டும் சனிக்கிழமை விரதம் இருப்பதாக அக்கா நேர்ந்துகொண்டாள்.

முதற் சனிக்கிழமை. அக்கா தலைமுழுகி, சாமிப்படத்துக்கு முன் எள்ளெண்ணெய் எரித்தாள். கூரையிலிருந்த புகை அபாயமணி வீடு அதிர அலறியது. அதை அடக்கிவிட்டு நான் குளிக்கப் போன நேரம், பின்பக்கம் “கா... கா...” என்று கூப்பிடும் குரல் கேட்டது. துவாயோடு ஓடினேன். மதிலில் கடதாசிக் கோப்பை, கோப்பையில் எள்ளுப் போட்டுப் பிசைந்த சோறு. வேலிக் கம்பத்தில் ஒரு கொழுத்த அண்டங்காக்கை, தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. காகப் பொறுப்பாளன் நான், இடுப்பில் துவாய்.

“அக்கா, வேண்டாம். அதை எடுங்கோ.”

“ஏன், இஞ்சத்தக் காகம் சோறு தின்னாதோ?”

“தின்னும். தின்னக் கூடாது.”

ஆமைக்குஞ்சு, சட்டம், டெப்ரா, என் பதவி எல்லாவற்றையும் அந்தக் கோலத்தில் நின்றபடியே விளக்கினேன். அக்கா கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்.

“ஆமைக்காக இவ்வளவு பேர் ஓடித்திரியினமோ?”

“ஓம்.”

“நல்ல விசயம்” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு உறைத்தது. பிறகு கோப்பையை உள்ளே கொண்டுபோய் மூடிவைத்தாள்.

காகம் சாப்பிடாமல் அவள் சாப்பிடமாட்டாள். வெள்ளவத்தையில் இது ஒரு பிரச்சினையே அல்ல. கடற்கரைப் பக்கத்துக் காகங்கள் சோறு வடிக்கிற மணத்துக்கே மதிலில் வந்து வரிசையாக நிற்கும். இங்கே அக்கா வெறுந்தேத்தண்ணீரோடு அன்றைய பொழுதைப் போக்கினாள். அவளுக்கு நீரிழிவு, சீனி வருத்தம். அடுத்த சனியும் அதே கதைதான். பின்னேரம் குசினியில் நின்றவள் கை நடுங்கி, அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். வசந்தி சர்க்கரைத் தண்ணீர் பருக்கினாள். இன்னும் எத்தனை சனிக்கிழமை வரும் என்று லோயருக்கே தெரியாது, அதற்குள் இவளைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம் எங்களைப் பிடித்துக்கொண்டது.

5

சூரியனைத் திருப்பிப் பிடிக்கிற நிலையத்தில் இருந்துகொண்டு ஒரு காகத்துக்கு வழி தெரியவில்லை எனக்கு.

குடியிருப்புக்கு வெளியே போனால் சட்டம் தொடராது என்று நினைத்து டவுணுக்குக் காரோட்டினேன். சுப்பர்மார்க்கட் வாசலில் நின்றவை கடற்புறாக்கள். கடல் இல்லாத இடத்தில் அவை என்ன செய்கின்றன என்று அவற்றுக்கும் தெரியவில்லை, எங்களைப் போலத்தான். புறாவுக்கு வைத்தால் என்ன என்று வசந்தி கேட்டாள். சனீஸ்வரன் எப்போது புறாவில் ஏறினார் என்று அக்கா திருப்பிக் கேட்டாள்.

அத்தான் ஒரு யோசனை சொன்னார். எங்கள் வெள்ளி மாலை அவர்களுக்குச் சனி காலை. வெள்ளவத்தை மதிலில் அக்காவின் பெயரில் அவர் சோறு வைத்து, ரெலிபோனை யன்னலுக்கு வெளியே நீட்டினார். காகங்கள் கரைவதும், காலி வீதியில் பஸ் ஹோர்ன் அடிப்பதும் துல்லியமாகக் கேட்டன. அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் மலர்ந்ததை அன்றுதான் கண்டேன். ஆனால் ரெலிபோனை வைத்ததும், அது அவருடைய விரதக் கணக்கு, என் விரதத்துக்கு என் கையால் வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

கடைசியில் வெட்கத்தை விட்டு டெப்ராவிடம் போய், அக்காவின் மகன் சிறையில் இருக்கிற கதையைச் சொன்னேன். கிழமைக்கு ஒரு தரம், ஒரு பிடி சோறு, ஒரேயொரு காகத்துக்கு அனுமதி கிடைக்குமா? டெப்ரா சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒரு காகம் ஓரிடத்தில் சாப்பாடு கண்டால் மற்றக் காகங்களும் பின்னால் வரும், உனக்குத் தெரியாததா என்றார். தெரியும். எங்கள் பீலி ஒன்றின் தாங்கியில் காகம் கட்டிய கூட்டுக்குக் கீழே, தீப்பெட்டியளவு ஆமை ஓடுகள் வெறுமையாகக் கிடந்ததைக் கண்டவன் நான். அந்தப் படத்தைத்தான் பாடத்தில் போட்டுக் காட்டுகிறேன். நான் எழும்பும்போது அவர், உன் அக்காவின் மகனுக்கு என்ன பெயர் என்று கேட்டார். சொன்னேன். “பேலன்” என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நான் வசந்தியிடம் இதைச் சொல்ல, அபி கேட்டுக்கொண்டிருந்தாள். அபிக்குப் பதினொரு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற சாதி. பள்ளிக்கூடத்தில் ஆமைக் காவலர் குழுவில் வேறு இருக்கிறாள். இந்த விரதத்துக்கு வீட்டில் அவள்தான் முதல் எதிரி என்று நினைத்திருந்தேன். அவள் எழும்பி நேரே அக்காவிடம் போனாள். தமிழைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்து வைத்தாள்.

“மாமி, ஒரு காகம் இருக்கு. அதுக்குப் பறக்க ஏலாது. அது ஆமை பிடிக்காது. அதுக்குக் குடுக்கலாம்.”

6

டவுணில் காயம்பட்ட காட்டுப் பிராணிகளைப் பராமரிக்கும் இடமொன்று இருக்கிறது. அபியின் வகுப்பு அங்கே ஒருமுறை போயிருக்கிறது. லொறியில் அடிபட்டு ஒரு சிறகை இழந்த அண்டங்காக்கை ஒன்று அங்கே உண்டு. டெப்ராவே அவர்களோடு பேசி ஒழுங்கு செய்து தந்தார்.

சனிக்கிழமை போனோம். பொறுப்பாக இருந்தவர் தாடி வைத்த கிழவர். சோற்றில் உப்பு இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா என்று விசாரித்து, ஓர் எள்ளை நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். வருகிறவர்கள் பெயர் எழுத ஒரு புத்தகம் இருந்தது. அதைக் கண்டதும் அக்கா கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட், அடையாள அட்டை, பொலிஸ் பதிவு மூன்றையும் வரிசையாக நீட்டினாள். கிழவர் பொலிஸ் பதிவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, மிகவும் அழகான எழுத்து என்று சொல்லி மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார்.

காகம் கம்பிவலைக் கூட்டுக்குள் தாழ்வான கொம்பொன்றில் இருந்தது. ஒரு பக்கம்தான் சிறகு. கிழவர் சின்னக் கதவைத் திறந்துவிட, அக்கா தன் கையால் சோற்றை உள்ளே வைத்து, “கா” என்று மெல்லக் கூப்பிட்டாள். காகம் ஒருக்களித்துப் பார்த்தது. தத்தித் தத்தி வந்து கொத்தத் தொடங்கி, ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தது. சட்டமும் தப்பிவிட்டது, விரதமும் தப்பிவிட்டது. சகலத்தையும் நானே நடத்திவைத்தவன் போல வசந்தியைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினேன்.

அக்கா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கம்பிவலையில் விரலைக் கொளுவிக்கொண்டு நின்றாள்.

“இதை எப்ப விடுவினம் எண்டு கேள்.”

கேட்டேன். விடுவதற்கில்லை, வெளியே போனால் பிழைக்காது, சாகுமட்டும் இங்கேதான் என்றார் கிழவர். நான் அக்காவின் பக்கம் திரும்பி, சுகமானதும் விடுவினமாம் என்று மொழிபெயர்த்தேன்.

“இல்லை மாமி” என்றாள் அபி. “விட மாட்டினம்.”

அக்கா அபியின் தலையைத் தடவினாள். என்னைப் பார்க்கவில்லை.

திரும்பி வருகிற வழியில், மிச்சச் சோற்றைக் காருக்குள்ளேயே சாப்பிடத் தொடங்கினாள். இரு பக்கமும் பாலைவனம். தூரத்தில் எங்கள் கண்ணாடிகள் ஒரு குளம் போலப் பளபளத்தன. பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தினாள்.

“அது ஆசைக்குத் தின்னேல்லை, தம்பி. வேற ஒண்டும் இல்லையெண்டுதான் தின்னுது. பாலனும் உப்பிடித்தான் தின்னுவான். நான் போகவேணும்.”

லோயர், அத்தான், குண்டு, சோதனைச்சாவடி, இங்கே உள்ள பாதுகாப்பு என்று ஒரு பட்டியலே என்னிடம் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. வசந்தி ஸ்டியரிங்கைக் கவனியுங்கோ என்றாள்.

7

அக்கா போய்விட்டாள். பெட்டி பூட்டாமல் இருந்தபடியால் அடுக்குகிற வேலை அதிகம் இருக்கவில்லை.

பாலன் இன்னும் வரவில்லை. வழக்குத் தவணை தள்ளித் தள்ளிப் போகிறது. சனிக்கிழமைகளில் அக்கா விடிய எழும்பிச் சமைத்து, மதிலில் காகத்துக்கு வைத்துவிட்டு, மிச்சத்தைக் கட்டிக்கொண்டு பொரளைச் சிறைக்குப் பஸ் எடுக்கிறாள். வழியில் சோதனைச்சாவடிகளில் எத்தனை தரம் இறக்கி ஏற்றினாலும் சோற்றுப் பார்சலை ஒருவரிடமும் கொடுப்பதில்லை என்று அத்தான் சொன்னார்.

நாங்களும் டவுணுக்கு அந்தக் காகத்திடம் போகிறோம். அக்கா போன பிறகு வந்த முதற் சனிக்கிழமை நான் மறந்துபோய் ரி.வி. பார்த்துக்கொண்டிருக்க, அபி எள்ளுப் போத்தலோடு வந்து முன்னால் நின்றாள். அவள் கூப்பிடுகிற “கா” அமெரிக்கக் “கா”தான். காகம் அமெரிக்கக் காகம் என்றபடியால் பிரச்சினை இல்லை. கிழமை நாட்களில் காகத்துக்கு ஒரு பருக்கை கூடப் போடக்கூடாது என்று பாடம் நடத்துகிறவன், சனிக்கிழமை ஆனதும் சோற்றுப் பெட்டியோடு போய் வரிசையில் நிற்கிறேன். போன முறை கிழவர் ஒரு செய்தி சொன்னார். சனிக்கிழமை காலையில் தான் வைக்கிற தீனியை அந்தக் காகம் இப்போது தொடுவதேயில்லையாம். நாங்கள் வருமட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டு பட்டினி கிடக்கிறதாம். நானோ போகிற வழியில் வடை தின்கிறவன். எங்கள் குடும்பத்தின் அமெரிக்கக் கிளையில் ஒழுங்காகச் சனி விரதம் பிடிப்பது அது ஒன்றுதான்.

எங்களுக்குச் சனிக்கிழமை பொழுதுபட, அங்கே ஞாயிறு விடிந்துவிடும். அந்த நேரம் அக்கா ரெலிபோன் எடுப்பாள். சுகம் விசாரிக்க மாட்டாள். இரவில் என்ன செய்வாய் என்று கேட்க மாட்டாள்.

“காகம் சாப்பிட்டதோ?”

“ஓம் அக்கா. முழுக்கச் சாப்பிட்டது.”

பிறகு சொல்லுவாள்.

“பாலனும் சாப்பிட்டவன்.”